சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டாம்

கேள்வி: எங்கள் வீடு ஆரையம்பதியில் பிரதான வீதியோரம் இருக்கிறது. எங்கள் ஊர் நாய் ஜிம்மிக்கு வயது மூன்று. ஞாயிறு மாலை மோட்டார் சைக்கிள் ஒன்று அவனை அடித்துவிட்டது. இரத்தம் வரவில்லை. வலது பின்னங்காலை ஊன்றாமல் வயிற்றுக்குக் கீழே மடக்கி வைத்திருக்கிறான். அயலவர் ஒருவர் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ‘கடக்’ என்று சத்தம் கேட்டது, ஆனால் கால் பழையபடியே இருக்கிறது. மாமி எண்ணெய் பூசிப் பற்றுப் போட்டார். அரைப் பனடோலும் கொடுத்தோம். இன்று செவ்வாய். அனுங்குவது குறைந்துவிட்டது, சோறும் தின்கிறான். சனிக்கிழமை முறிவு வைத்தியர் ஒருவரைக் கூட்டி வருவதாக மச்சான் சொல்கிறார். அதுவரை பொறுக்கலாமா? நொண்டியாக வாழவிடுவதைவிட ஊசி போட்டுவிடுவது நல்லது என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா? பக்கத்து வீட்டுப் பூனையின் வாலிலும் நேற்று ஓட்டோ ஏறி, வால் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கும் இதே வைத்தியம்தானா?
– ஒரு வாசகி, ஆரையம்பதி

பதில்: அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தவுடனேயே, காலையில் முதல் வேலையாக ஜிம்மியைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோகும்படி இரண்டு வரியில் பதில் அனுப்பினேன். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். கல்லடியிலிருந்து கல்முனை வரை அந்த வீதியோரத்தில் நாய் வளர்க்கும் வீடுகள் எத்தனையோ. எல்லோருக்கும் இது ஒருநாள் தேவைப்படலாம்.

நேரில் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது இடுப்பு மூட்டு விலகலைப் பெரிதும் ஒத்திருக்கிறது. நாய்களில் வாகன விபத்தால் விலகும் மூட்டுகளில் இதுதான் அதிகம். இடுப்பில் இருப்பது பந்துக்கிண்ண மூட்டு. தொடையெலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள குழிக்குள் உட்கார்ந்திருக்கும். இரண்டு எலும்பையும் பிணைக்கும் இணையம் என்ற குட்டையான நாரும், மூட்டைச் சுற்றியுள்ள உறையும் அதைப் பிடித்து வைத்திருக்கும். அடி பலமாக விழும்போது இணையம் அறுந்து, உறையும் கிழிந்து, எலும்புத் தலை குழியை விட்டு வெளியே வந்துவிடுகிறது. பெரும்பாலான நாய்களில் அது மேல்நோக்கியும் முன்நோக்கியும் நகரும். அப்போது கால் உடம்புக்குக் கீழே உள்ளே ஒடுங்கும், முழங்கால் வெளிப்பக்கம் திரும்பும். இரண்டு பின்னங்கால்களையும் பின்னால் நீட்டிப் பார்த்தால் விலகிய கால் மற்றதைவிடக் கட்டையாகத் தெரியும். இந்தச் சோதனையை வைத்தியர் செய்துகொள்ளட்டும். நீங்கள் செய்ய வேண்டாம், வலிக்கும்.

வைத்தியரின் கை என்ன தேடுகிறது என்பதையும் சொல்கிறேன். இடுப்பின் மேல் விளிம்பு, தொடையெலும்பின் பக்கவாட்டில் துருத்தும் மேடு, வாலுக்குப் பக்கத்தில் உட்காரும் எலும்பின் முனை ஆகிய மூன்றும் தோலுக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்படும். நல்ல இடுப்பில் நடு மேடு மற்ற இரண்டுக்கும் கீழே இறங்கி, மூன்றும் ஒரு முக்கோணமாக அமையும். விலகிய இடுப்பில் நடு மேடு மேலேறி, மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டுக்கு வந்துவிடும். பிறகு பெருவிரலை நடு மேட்டுக்கும் பின் முனைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் வைத்துக்கொண்டு தொடையை வெளிப்பக்கம் திருப்புவோம். மூட்டு குழிக்குள் இருந்தால் மேடு வந்து பெருவிரலை நெருக்கி வெளியே தள்ளும். விலகியிருந்தால் விரல் பள்ளத்திலேயே கிடக்கும். எக்ஸ்றே எடுக்கும் முன்பே முக்கால்வாசிப் பதில் இதில் கிடைத்துவிடும்.

ஆனால் நான் முதலில் காலைப் பார்க்க மாட்டேன். இடுப்பைக் கழற்றும் அளவுக்கு விழுந்த அடி உடம்புக்குள் வேறு எங்கெல்லாம் இறங்கியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நுரையீரல் கன்றிப்போயிருக்கலாம், நெஞ்சறைக்குள் காற்றுக் கசிந்திருக்கலாம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்திருக்கலாம், சிறுநீர்ப்பை வெடித்திருக்கலாம். இவற்றில் எது நேர்ந்திருந்தாலும் வெளியே ஒரு சொட்டு இரத்தம்கூட வராமல் இருக்கலாம். கால் விலகி எந்த நாயும் சாவதில்லை, இவற்றால் சாகும். எனவே இப்போதே ஜிம்மியின் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியோ நீலம் பாரித்தோ இருந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். படுத்திருக்கும்போதும் வயிறு இழுத்து இழுத்து மூச்சு வாங்குகிறானா என்று கவனியுங்கள். ஞாயிறுக்குப் பிறகு வழக்கம்போல் சிறுநீர் கழிக்கிறானா என்பதை வீட்டில் எல்லோரிடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். நெஞ்சு நிலைமை சீராகாத நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. அதனால் சில நாய்களுக்கு மூட்டைச் சரிசெய்வதை ஒரு நாளோ இரண்டு நாளோ நாங்களே தள்ளிவைப்போம். அது வைத்தியர் கண்காணிப்பில் நடக்கும் காத்திருப்பு. வீட்டில் எண்ணெய் பூசிக் காத்திருப்பதும் அதுவும் ஒன்றல்ல.

அனுங்குவது குறைந்ததைக் குணமாவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று காலில் நிற்க ஜிம்மி பழகிவிட்டான், அசைத்தால்தான் வலிக்கும் என்பதைக் கண்டுகொண்டான், அவ்வளவுதான். இதற்கிடையில் உள்ளே நிலைமை ஒவ்வொரு நாளும் கடினமாகிக்கொண்டே போகிறது. பிட்டத் தசைகள் சுருங்கி எலும்பை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. காலியான குழிக்குள் முதலில் உறைந்த இரத்தமும், பிறகு நாராகும் திசுவும் நிரம்புகின்றன. வழுவழுப்பான குருத்தெலும்பு இடுப்பெலும்பின் பக்கத்தில் உராய்ந்து தேய்கிறது. அறுவை இல்லாமல் மூட்டைத் திரும்ப உட்கார வைக்கும் வாய்ப்பு முதல் இரண்டு மூன்று நாள்களில்தான் சிறப்பாக இருக்கும். நான்கைந்து நாள் தாண்டினால் வேகமாகக் குறைந்துவிடும். ஞாயிறு அடிபட்டவனுக்குச் சனிக்கிழமை என்பது ஆறாம் நாள். மச்சான் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த நாள்களை ஜிம்மியால் கொடுக்க முடியாது.

முறிவு வைத்தியரைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் பகுதியில் அந்தக் கைகளால் நடந்தவர்கள் பலர். ஆனால் மனிதனிடம் “கொஞ்சம் பொறு, தசையைத் தளர்த்து” என்று சொல்லலாம். நாயிடம் சொல்ல முடியாது. வலிக்கும்போது அதன் தொடைத் தசை முழுவதும் இறுகும். முழு மயக்கத்தில் தசை தளர்ந்த பிறகே அந்த எலும்பை அசைக்க முடியும், அப்போதும் எங்களுக்கு நன்றாக வியர்க்கும். அயலவர் இழுத்தபோது கேட்ட ‘கடக்’ சத்தம் மூட்டு உட்கார்ந்த சத்தமாக இருந்திருந்தால் கால் பழைய இடத்துக்கு வந்திருக்கும். அது எலும்பு எலும்பில் உரசியதாக இருக்கலாம், உடைந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டதாகவும் இருக்கலாம். இடுப்பு மூட்டுக்குப் பின்னால் காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால் அது நசியும். ஒரு வயது நிறையாத குட்டிகளில் இன்னொரு ஏமாற்று உண்டு. எலும்புத் தலை குழிக்குள்ளேயே இருக்க, எலும்பு வளரும் இடமான குருத்தெலும்புத் தட்டோடு முறிந்திருக்கும். வெளியே பார்த்தால் அச்சொட்டாக மூட்டு விலகல் போலவே தெரியும். அதைப் பிடித்து இழுப்பது உடைந்த எலும்பை இழுப்பதாகும்.

அதனால்தான் எக்ஸ்றே இல்லாமல் கைவைக்கக் கூடாது என்கிறேன். அதுவும் ஒரு படம் போதாது. பக்கவாட்டில் எடுத்தால் இரண்டு இடுப்பும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழப்பும். எனவே மல்லாத்தி இன்னொன்றும் எடுக்க வேண்டும். குழியின் விளிம்பு உடைந்திருக்கிறதா, எலும்புத் தலையிலிருந்து சில்லு ஒன்று பிய்ந்திருக்கிறதா, பிறவியிலேயே குழி ஆழமில்லாத இடுப்பா என்பதெல்லாம் அதில் தெரியும். இவற்றில் ஒன்று இருந்தாலும் வெறுங்கையால் உட்கார வைத்த மூட்டு நிலைக்காது. எக்ஸ்றே வசதி எல்லாக் கால்நடை வைத்திய நிலையங்களிலும் இருக்காது. புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியரிடம் காட்டி, வலி நிவாரணி போட்டு, எங்கே போக வேண்டும் என்று அவரிடமே கேட்பது நல்ல வழி. சிக்கலான சத்திரசிகிச்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும். செங்கலடி, மகாஓயா, மகியங்கனை என்று போய்ப் பதினெட்டு வளைவில் ஏற வேண்டிய நீண்ட பயணம் அது. வலிக்கு மருந்து கொடுக்காமல் அந்த வீதியில் கொண்டுபோகாதீர்கள்.

தூக்கும்போது கவனம். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும், அது அதன் குற்றமல்ல. பழைய சேலைத் துண்டால் வாயைச் சுற்றிக் காதுகளுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ மட்டும் வாயைக் கட்டக் கூடாது. ஒரு பலகையிலோ, இரண்டு பேர் இழுத்துப் பிடித்த கனத்த போர்வையிலோ கிடத்தி, அடிபட்ட கால் மேலே இருக்கும்படி ஓட்டோவில் ஏற்றுங்கள். காலுக்குத் தடி வைத்துக் கட்ட முயல வேண்டாம். இடுப்புக்கு அந்தக் கட்டு எட்டாது, கீழே பாரம் கூடி வலிதான் அதிகரிக்கும். யாரையாவது கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஜிம்மியின் விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். இரவுக்குப் பிறகு சோறு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். காலையிலேயே மயக்க மருந்து கொடுக்க நேரிட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். மாமி போட்ட பற்றை ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். அதன் கீழே தோல் கன்றியிருப்பதைப் பார்க்க வேண்டும், எண்ணெய் இருந்தால் கட்டும் ஒட்டாது.

மூட்டு திரும்ப உட்காரும் கணம் கைக்கு நன்றாகத் தெரியும். தொடையை வெளியே திருப்பி, இழுத்து, குழியின் விளிம்பைத் தாண்ட வைத்து, உள்ளே திருப்பும்போது ஒரு கனத்த ‘தொம்’ உள்ளங்கைக்கு வரும். அதற்குப் பிறகும் உடனே விடமாட்டோம். மேட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு காலைப் பலமுறை மடக்கி நீட்டி, குழிக்குள் நிரம்பியிருக்கும் இரத்தக் கட்டியை வெளியேற்றுவோம். பிறகு பாதத்திலிருந்து தொடை வழியாக எட்டு வடிவில் சுற்றி, காலை மடக்கித் தூக்கி வைக்கும் ‘ஏமர் கட்டு’ போடுவோம். கட்டைப் பார்த்து நீங்கள் பதற வேண்டாம். தொடையை உள்ளே திருப்பி எலும்புத் தலையைக் குழிக்குள் அழுத்தி வைப்பதுதான் அதன் வேலை. 10 நாள் முதல் இரண்டு வாரம் வரை அது இருக்க வேண்டும்.

இந்த இரண்டு வாரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. எத்தனையோ நாய்களின் மூட்டு நன்றாக உட்கார்ந்தும், வீட்டுக்குப் போன பிறகு ஒரு பாய்ச்சலில் மறுபடி கழன்றிருக்கிறது. கவனமாக இருந்தாலும் இப்படிச் சரிசெய்யும் இடுப்புகளில் பாதியளவு மீண்டும் விலகுவதுண்டு என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அப்படி நடந்தால் வைத்தியரையோ உங்களையோ நொந்துகொள்ள வேண்டாம். விறாந்தையின் ஒரு மூலையைப் பலகையால் அடைத்துவிடுங்கள். ரைல்ஸ் தரையென்றால் சாக்கு விரியுங்கள், ஒரு வழுக்கலே போதும் எல்லாம் வீணாக. சிறுநீர், மலம் கழிக்க மட்டும் கயிற்றில் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். கட்டு நனையக் கூடாது. மழையென்றால் வெளியே போகும்போது மட்டும் பொலித்தீன் உறை போட்டு, உள்ளே வந்தவுடன் கழற்றுங்கள். எங்கள் வெக்கையில் உறைக்குள் அரை நாளிலேயே தோல் ஊறிப்போகும். காலையிலும் மாலையிலும் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தோ, வீங்கியோ, இரண்டு நகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியோ இருந்தால் கட்டு இறுகிவிட்டது. நாற்றம் அடித்தாலும், விடாமல் கடித்தாலும் அப்படித்தான், அன்றைக்கே அவிழ்க்க வேண்டும். இறுகிய கட்டால் பாதத்தையே இழந்த நாய்கள் உண்டு. கட்டு அவிழ்த்த பிறகும் நான்கு முதல் ஆறு வாரம் ஓட்டம், பாய்ச்சல், படியேற்றம் எதுவும் கூடாது.

மூட்டு உட்காராவிட்டால், அல்லது மறுபடி விலகினால், சத்திரசிகிச்சை செய்து செயற்கை இணையம் பொருத்தலாம். அந்த வசதி இல்லாதபோது, அல்லது குருத்தெலும்பு சிதைந்திருந்தால், தொடையெலும்பின் தலையையும் கழுத்தையும் வெட்டி அகற்றிவிடுவோம். கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் எலும்பு எலும்பில் உரசுவது நின்றுவிடுவதால் வலி போய்விடுகிறது. அந்த இடத்தில் நார்த் திசு வளர்ந்து தசைகளின் பிடியில் ஒரு பொய் மூட்டு அமைகிறது. சுமார் 20 கிலோவுக்குக் கீழ்ப்பட்ட நாய்களுக்கும் பூனைகளுக்கும் இது நன்றாகக் கைகொடுக்கிறது. எங்கள் ஊர் நாய்கள் பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் இருக்கும். இதற்குப் பிறகான பராமரிப்பு முன்னதற்கு நேர்மாறு. தையல் ஆறியவுடன் நடக்க வைக்க வேண்டும், படுக்கவிட்டால் கால் விறைத்துப்போகும். கடற்கரைக்குக் கொண்டுபோனால் ஈரமாக இறுகிய மணலில் நடத்துங்கள், புதையும் மணலில் வேண்டாம். நீந்துவது நல்ல பயிற்சிதான், ஆனால் முதலை இருக்கும் வாவியில் இறக்காதீர்கள்.

ஆகவே ஊசி போட்டுவிடும் பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. மூட்டு விலகியதற்காக மூன்று வயது நாயைக் கொல்வதற்கு நான் உடன்பட மாட்டேன். எந்த வைத்தியமும் கிடைக்காமல் போனால்கூட, வலியைக் கட்டுப்படுத்தி மூன்றரைக் காலில் மகிழ்ச்சியாக ஓடித்திரியும் நாய்கள் உண்டு. அப்படிச் சொல்பவர்களிடம் அதை நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

பனடோல் பற்றி. வளர்ந்த நாய்க்கு அரைக் குளிசை ஒருமுறை கொடுத்ததால் பெரும் கேடு வந்திருக்காது. ஆனால் இனிக் கொடுக்காதீர்கள். எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். இபுபுரோபன், டைக்ளோபெனக் போன்ற மனிதர்களின் வலிக் குளிசைகள் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வைத்தியர் போடும் மருந்தோடு சேர்ந்தால் இன்னும் மோசம்.

இடுப்புக்கு அடுத்ததாக நாய்களில் நான் சொல்ல வேண்டியது முழங்கை. முன்னங்கால் மடங்கி, முழங்கைக்குக் கீழ்ப்பகுதி வெளிப்பக்கம் ஒதுங்கி நிற்கும். இதுவும் முதல் சில நாள்களுக்குள் மயக்கத்தில் சரிசெய்ய வேண்டியது. சரியாக உட்கார்ந்துவிட்டால் இடுப்பைவிட நன்றாக நிலைக்கும். இதற்குக் காலை மடக்காமல் நீட்டி வைத்துக் கட்டுவோம்.

இனி அந்தப் பூனை. முதலில் பக்கத்து வீட்டாரிடம், பனடோல் ஒரு துண்டுகூடக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை உடைத்துக் கழிக்கும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் தன்மையை இழந்து, முரசு மண்ணிறமாகி, முகமும் பாதங்களும் வீங்கும். 500 மில்லிகிராம் குளிசை ஒன்று வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். ஏற்கெனவே கொடுத்திருந்தால், கால், வால் எல்லாவற்றையும் மறந்து அதற்காகவே வைத்தியரிடம் ஓட வேண்டும். மாற்று மருந்து உண்டு, ஆனால் மணிக்கணக்கில் தாமதித்தால் பயன் குறைந்துவிடும்.

வாலில் சக்கரம் ஏறும்போது பூனை உயிருக்குப் பயந்து முன்னே பாயும். வால் பின்னே பிடிபட்டிருக்கும். அந்த இழுவையில் வாலடி மூட்டு விலகி, அதோடு அங்கே ஓடும் நரம்புகளும் இழுபட்டு அறுகின்றன. அதே நரம்புகள்தான் சிறுநீர்ப்பையையும் மலவாசலையும் இயக்குகின்றன. வால் உணர்வில்லாமல் தொங்குவது பெரிய விடயமல்ல, வேண்டுமானால் பிறகு அகற்றிவிடலாம். சிறுநீர்ப்பை நிரம்பி, வெளியேற்ற முடியாமல் கிடப்பதுதான் பூனையைக் கொல்லும். சில பூனைகள் சொட்டுச் சொட்டாகக் கசிய விடும், வீட்டார் அதைச் சிறுநீர் கழிப்பதாக நினைத்துவிடுவார்கள். வாலடியில் கிள்ளும்போது உணர்வு இருந்தால் நல்ல அறிகுறி. இல்லாவிட்டாலும் கைவிட வேண்டாம். வைத்தியர் சிறுநீர்ப்பையைக் கையால் அழுத்தி வெளியேற்றக் கற்றுக்கொடுப்பார். அதைத் தினமும் செய்துகொண்டு நான்கு வாரம் வரை பார்க்கலாம், நரம்பு திரும்பும் பூனைகள் பெரும்பாலும் அதற்குள் திரும்பிவிடும்.

பூனை நொண்டாமல் நடப்பதால் அதற்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும். நேற்று அடிபட்டதிலிருந்து மண்ணைத் தோண்டி முறையாகச் சிறுநீர் கழித்ததா என்று இன்றிரவே மதிலுக்கு மேலால் கேளுங்கள். இல்லை என்றாலோ, கவனிக்கவில்லை என்றாலோ, ஒரு துவாயால் போர்த்தித் தூக்கி, காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, காலையில் ஜிம்மி போகும் அதே ஓட்டோவில் அதையும் அனுப்பச் சொல்லுங்கள்.